பழைய டெக் பெட்டியில் ஹோம் தியேட்டர் கணினி: சூடேறினால் எங்கே பார்ப்பது

பழைய வி.சி.ஆர் டெக்கின் உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு, மினி-ஐடிஎக்ஸ் என்ற சிறிய மதர்போர்டு ஒன்றை வைத்து, டிவிக்குக் கீழே ஹோம் தியேட்டர் கணினியாக ஓட்டுவது அருமையான யோசனை. பெட்டி சுமார் 43 செ.மீ அகலம், 9 செ.மீ உயரம் இருக்கும், போர்டு 17 செ.மீ சதுரம்தான், இடம் தாராளம். சிக்கல் சூட்டில் வருகிறது. ஒரு டெக் மொத்தமாக இழுத்தது 20 வாட்டுக்குப் பக்கத்தில், அந்தச் சூடும் பெரும்பாலும் பின்மூலையில் பவர் சப்ளை இருந்த இடத்தில் கிளம்பியது, அதனால் மூடியில் வெட்டிய கீற்றுத் துளைகளும் அந்த மூலைக்கு மேலேதான் இருக்கின்றன. நாம் வைக்கும் ப்ராசசரோ நடுவில் உட்காருகிறது, அதுவும் அதைவிட இரண்டு மூன்று மடங்கு சூட்டோடு.

உடனே போய் ஃபேன் வாங்காதீர்கள். எத்தனை டிகிரி என்பதைவிட எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பதுதான் கோளாறு எங்கே என்று காட்டும். நொடிக்கணக்கில் ஏறினால் ஹீட் சிங்குக்கு (ப்ராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் உலோகத் தகடுகள்) அடியில் பாருங்கள். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் மெதுவாக ஏறினால் பெட்டியின் காற்றோட்டத்தைப் பாருங்கள். ஏறவே இல்லை, ஆனால் பொட்டென்று அணைகிறது என்றால் கரண்ட் வரும் வழியைப் பாருங்கள். கீழே உள்ள எல்லாமே இதிலிருந்து கிளைப்பவைதான்.

அளக்கும் விதம் பற்றி ஒன்று. விண்டோஸ் என்றால் எச்டபிள்யூஇன்ஃபோ, லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ், கோடி (Kodi) என்ற படம் பார்க்கும் மென்பொருள் மட்டும் ஓடுகிற பெட்டி என்றால் அதிலேயே சிஸ்டம் தகவல் பக்கம். எதில் பார்த்தாலும் பக்கத்தில் அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் மே மாத மதியம் அறை 35 டிகிரி, டிசம்பர் இரவில் 26. பெட்டியில் எதையுமே மாற்றாமல் ப்ராசசர் அளவு கிட்டத்தட்ட அதே 9 டிகிரி நகரும். அதனால் ப்ராசசர் அளவிலிருந்து அறை அளவைக் கழித்து வரும் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். சோதனைக்கு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் மென்பொருள் முதல் ஒரு நிமிடத்துக்குப் போதும், உண்மையான சோதனை நீங்கள் பார்ப்பதிலேயே கனமான படத்தை மூடி போட்ட நிலையில் ஒரு மணி நேரம் ஓடவிடுவதுதான்.

இன்னும் டெக்கைப் பிரிக்கவே இல்லை என்றால் ஒரு எச்சரிக்கை: அதன் பவர் சப்ளை ஸ்விட்சிங் வகை என்றால், கரண்ட் நுழையும் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் அப்படியே இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்து, இறங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

படம் போட்ட சில நொடியில் 90ஐத் தொடுகிறது, நிறுத்தினால் உடனே இறங்கிவிடுகிறது

இது காற்றுக் கோளாறு இல்லை. பெட்டிக்குள் இருக்கும் காற்று நொடிகளில் சூடாகாது. ப்ராசசரின் சூடு ஹீட் சிங்குக்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஹீட் சிங்கின் தகடுகளைத் தொட்டுப் பாருங்கள், திரையில் 90 காட்டும்போது தகடு வெதுவெதுப்பாகக்கூட இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

கழற்றிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் இருக்கலாம். பிளாஸ்டிக் ஊசி வைத்து அழுத்தும் வகைக் கூலரில் (ஹீட் சிங்கும் அதன் ஃபேனும் சேர்ந்தது) நான்கில் ஒன்று சரியாகப் பூட்டாமல் இருக்கலாம், போர்டின் அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அது தெரியும். இன்டெலின் பழைய 115எக்ஸ் சாக்கெட்டுக்கான (ப்ராசசர் உட்காரும் இடம்) கூலரை எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டில் சமாளித்து மாட்டியிருந்தாலும் இப்படி ஆகும், துளைகளின் இடைவெளி 75 மி.மீட்டரிலிருந்து 78 ஆக மாறிவிட்டது, உயரமும் வேறு. அதற்கான பிராக்கெட் தனியாகக் கிடைக்கும்.

டெக் பெட்டிக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதன் அடித்தகடு சமதளம் கிடையாது, கேசட் இயந்திரத்தைத் தாங்குவதற்காக அங்கங்கே மேடாக அழுத்தியிருப்பார்கள். போர்டுக்கு அடியில் இருக்கும் கூலரின் பேக்பிளேட் (அதைப் பிடித்து நிறுத்தும் தகடு) அந்த மேட்டில் இடித்தால் போர்டு மேல்நோக்கி லேசாக வளையும், ஹீட் சிங்க் ஒரு ஓரம் மட்டும் அழுந்தும். ப்ராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்து, மாட்டி, மறுபடி கழற்றிப் பாருங்கள், பேஸ்ட் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் பரவியிருந்தால் இதுதான். போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்களைக் கொஞ்சம் உயரமானதாக மாற்றினால் தீர்ந்துவிடும், அதே உயரம் போர்டுக்கு அடியிலும் காற்று போக வழி விடும்.

அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் படம் தத்துகிறது

அதிகம் பேருக்கு வருவது இதுதான். இதில் முதல் வேலை பெட்டியைத் திறப்பது இல்லை. படம் ஓடும்போது கோடியில் கீபோர்டின் ஆங்கில ஓ (O) எழுத்தை அழுத்துங்கள். டிகோடர் பெயருக்குப் பக்கத்தில் எச்டபிள்யூ (HW) என்று வரவில்லை என்றால், வீடியோவை விரிக்கும் வேலையை கிராஃபிக்ஸ் பகுதி செய்யாமல் ப்ராசசரின் கோர்கள் எல்லாம் சேர்ந்து செய்கின்றன, சூடு வராமல் என்ன செய்யும். எச்.இ.வி.சி, ஏவி1 எல்லாம் வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறைகள். 10 பிட் எச்.இ.வி.சி-க்கு இன்டெலில் 7ஆம் தலைமுறையாவது வேண்டும். ஏவி1-க்கு 11ஆம் தலைமுறை. ரைசன் 5600ஜி நல்ல சிப்தான், ஆனால் ஏவி1-ஐ அதன் கிராஃபிக்ஸ் பகுதி விரிக்காது. இன்டெலின் 6 வாட் சிப்பான என்100 அதைச் சிரமமில்லாமல் விரிக்கும். படம் மட்டும்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் என்100 போர்டு ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்பது என் கருத்து, 65 வாட் சிப்பை இந்தப் பெட்டிக்குள் திணிக்க விளையாட்டு மாதிரி வேறு காரணம் வேண்டும்.

எச்டபிள்யூ என்று வருகிறது, இருந்தும் தத்துகிறது, வெப்பநிலை மெதுவாக ஏறி 95ஐயோ 100ஐயோ பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றால், இப்போது மூடியைக் கழற்றுங்கள். அதே படம், அதே காட்சி, பத்து நிமிடம். 15 டிகிரி இறங்கினால் காற்று வரவும் போகவும் வழி இல்லை. இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கியது என்றால் கூலர் போதவில்லை, அல்லது அதன் ஃபேன் சுற்றவே இல்லை.

வழி இல்லை என்று தெரிந்த பிறகு கொஞ்சம் கணக்குப் போட்டுவிடலாம், இதில் ஊகத்துக்கு இடமில்லை. உள்ளே 60 வாட் சூடு, வெளியேறும் காற்று உள்ளே வரும் காற்றைவிட 10 டிகிரி மட்டும் கூடுதலாக இருக்க வேண்டும் என்றால், நொடிக்கு 5 லிட்டர் காற்று ஓட வேண்டும், ஃபேன் வரும் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் கணக்கில் சுமார் 11 சி.எஃப்.எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). பெரிய தொகை இல்லை, மெதுவாகச் சுற்றும் ஒரு 80 மி.மீ ஃபேனே தள்ளிவிடும். ஆனால் அட்டைப்பெட்டியில் போட்ட எண் எதிரே தடையே இல்லாதபோது கிடைப்பது, டெக்கின் கீற்றுகள் வழியாக அது வராது. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு கீற்று 2 மி.மீ அகலம், 25 மி.மீ நீளம் என்றால் அரை சதுர செ.மீ. நாற்பது கீற்று இருந்தாலும் 20 சதுர செ.மீ. ஃபேனின் வாய் மட்டும் 50.

இங்கேதான் டெக் ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருக்கிறது. கேசட் நுழையும் வாய். வி.எச்.எஸ் கேசட் 18.7 செ.மீ அகலம், 2.5 செ.மீ தடிமன், ஆக அந்த வாய் குறைந்தது 47 சதுர செ.மீ, ஃபேனின் வாய்க்கு ஏறத்தாழ சமம், அதுவும் முன்பக்கம், டிவி ஸ்டாண்டில் குளிர்ந்த காற்று இருக்கும் பக்கம். கதவின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, உள்பக்கமாகப் பாதி சாய்ந்தபடி நிற்குமாறு ஒரு சிறு துண்டு ஃபோம் முட்டுக் கொடுங்கள், வெளியிலிருந்து பார்த்தால் கதவு லேசாகத் திறந்திருப்பது தெரியவே தெரியாது. இன்னும் நன்றாக வேண்டும் என்றால் கதவை எடுத்துவிட்டுக் கறுப்பு வலை ஒட்டிவிடலாம். பின்தகட்டில், ப்ராசசர் இருக்கும் பக்கமாக, 80 மி.மீ வட்டம் வெட்டி ஃபேனை வெளியே தள்ளும்படி மாட்டுங்கள். வட்டத்தை லேத் பட்டறையிலோ கிரில் பட்டறையிலோ ஹோல் சா வைத்து வெட்டித் தந்துவிடுவார்கள். போர்டை வெளியே எடுத்துவிட்டு வெட்டக் கொடுங்கள், இரும்புத் தூள் ஒரு துணுக்கு போதும் போர்டைச் சாகடிக்க.

இப்போது பலர் செய்யத் தயங்கும் வேலை: மூடியில் ஃபேனுக்குப் பக்கத்தில் இருக்கும் கீற்றுகளை உள்பக்கம் டேப் போட்டு அடைத்துவிடுங்கள். ஓட்டையை அடைத்தால் சூடு கூடும் என்று தோன்றும், ஆனால் அந்தக் கீற்றுகள் திறந்திருந்தால் ஃபேன் ஒரு சாண் தொலைவில் இருக்கும் அங்கிருந்தே காற்றை இழுத்துப் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கும், முன்வாயிலிருந்து போர்டைக் கடந்து வர வேண்டிய காற்று வராது. சரியாக வருகிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். பெட்டியை மூடி, ஓடவிட்டு, புகையை ஒவ்வொரு துளையாகக் காட்டிக்கொண்டே போங்கள். கேசட் வாயில் புகை நேராக உள்ளே போக வேண்டும். மூடிக் கீற்றில் புகை உள்ளே போனால் அங்கே கசிவு. கேசட் வாயில் புகை வெளியே தள்ளப்பட்டால் ஃபேன் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், சட்டத்தின் பக்கவாட்டில் பெரும்பாலும் அம்புக்குறி இருக்கும்.

கூலர் மேலிருந்து கீழே ஊதும் வகை என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாக்டுவாவின் எல்9 மாதிரி தட்டைக் கூலர் ஃபேனோடு சேர்த்தே 37 மி.மீ உயரம்தான், டெக்குக்குள் தாராளமாக அடங்கும், ஆனால் ஃபேனுக்கும் மூடிக்கும் நடுவே 2 செ.மீட்டராவது விடுங்கள். அந்த இடம் கிடைக்காவிட்டால் மூடியில் ஃபேனுக்கு நேர் மேலே துளை போட்டு, இடைவெளியை ஈ.வி.ஏ ஃபோம் வளையத்தால் அடைத்துவிட வேண்டும். வளையம் இல்லாவிட்டால் கூலர் தான் வெளியே விட்ட சூட்டையே மறுபடி இழுக்கும். டிவிடி பிளேயர் பெட்டி மாதிரி 4, 5 செ.மீ உயரமே உள்ளதில் இந்த வேலைக்கெல்லாம் இடமில்லை, அதில் என்100, ராஸ்பெரி பை அளவோடு நின்றுகொள்ளுங்கள்.

மேசையில் வைத்தால் சரி, டிவி ஸ்டாண்டில் வைத்தால் சூடு

கண்ணாடிக் கதவு போட்ட ஸ்டாண்டு என்றால் கதவைத் திறந்துவைத்துப் பாருங்கள், வேறு சோதனை தேவையில்லை. பின்பலகையில் ஒயர் போக விட்டிருக்கும் சின்ன வட்டம் காற்றுக்குப் போதாது, அதைப் பெரிதாக வெட்டச் சொல்லி ஆசாரியிடம் கொடுத்துவிடுங்கள், சுவருக்கும் ஸ்டாண்டுக்கும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ஆம்ப்ளிஃபயர் மேல் டெக்கை அடுக்க வேண்டாம். ஆம்ப்ளிஃபயரின் சூடு முழுக்க மேலேதான் வரும், உங்கள் பெட்டியின் அடித்தகட்டை அது அடுப்பு போலக் காய்ச்சும். அடுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் டெக் கீழே, ஆம்ப்ளிஃபயர் மேலே.

சூடு ஏறவே இல்லை, ஆனால் பொட்டென்று அணைந்துவிடுகிறது

ப்ராசசர் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் தத்தும், நமக்குத் தெரிந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால்தான் தன்னை அணைக்கும். எந்தத் தத்தலும் இல்லாமல் நல்ல வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது கறுப்பாகிவிட்டால் அடாப்டரையோ எஸ்.எம்.பி.எஸ்-ஸையோ (கணினியின் பவர் சப்ளை) சந்தேகப்படுங்கள்.

பைக்கோ பிஎஸ்யு போர்டும் (12 வோல்ட்டைக் கணினிக்கு வேண்டிய வோல்டேஜ்களாக மாற்றும் குட்டி போர்டு) 12 வோல்ட் அடாப்டரும் வைத்து ஓட்டுபவர்கள் அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் 5 ஆம்பியர் என்றால் 60 வாட், அவ்வளவுதான். ஐ3-12100 பெயருக்கு 60 வாட் சிப், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு 89 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி இருக்கிறது, அதற்கு மேல் டிஸ்க், போர்டு எல்லாம் இருக்கின்றன. அணைந்த பிறகு பத்து நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஆன் ஆகிறது என்றால் அடாப்டரே சூடாகித் தன்னைக் காத்துக்கொள்கிறது. அதைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். 12 வோல்ட் 10 ஆம்பியர் அடாப்டர் போட்டால் தீரும், ஆனால் பைக்கோ போர்டும் அதே அளவைத் தாங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்-ஸைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் அதன் காற்று வெளியே போகிறதா, பெட்டிக்குள்ளேயே சுற்றுகிறதா என்று ஊதுபத்தியால் பாருங்கள். டெக்கோடு வந்த இரண்டு கம்பி ஒயரை அதற்குப் பயன்படுத்தவே கூடாது, உலோகப் பெட்டிக்கு எர்த் வேண்டும், மூன்று பின் ஒயர்தான்.

சூடு பிரச்சினை இல்லை, சத்தம் தாங்கவில்லை

படத்தில் மெதுவாகப் பேசும் காட்சியில் ஃபேன் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கேட்டால், அது பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கம்) ஃபேன் வளைவு, அதாவது எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்ற கணக்கு, போட்டிருக்கும் விதம். ப்ராசசர் ஒரு நொடிக்கு 45லிருந்து 60 போய்த் திரும்பினாலும் ஃபேன் பின்னாலேயே ஓடுகிறது. 60 டிகிரி வரை ஒரே வேகம், அதற்கு மேல் மெல்ல ஏறட்டும் என்று போடுங்கள், வேகம் மாறும் முன் சில நொடி காத்திருக்கும் வசதி பயாஸில் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். எப்போதும் முழு வேகத்தில் கத்தினால் மூன்று பின் ஃபேனை, நான்கு பின் ஃபேனுக்கான பிடபிள்யூஎம் அமைப்பில் விட்டிருக்கிறீர்கள், டிசி என்று மாற்றினால் அடங்கிவிடும்.

ரீங்காரம் என்றால் மூடியின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். சத்தம் மாறினால் பாடுவது மெல்லிய தகடு. உள்பக்கம் கார் கதவில் ஒட்டும் பியூட்டைல் ஷீட்டை ஒரு கைக்குட்டை அளவு ஒட்டுங்கள், ஃபேனுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் ஸ்க்ரூவுக்குப் பதில் ரப்பர் பின் போடுங்கள். அழுத்தியும் மாறாமல் உஸ் என்று காற்றுச் சத்தமாகவே இருந்தால் ஃபேன் இறக்கைகள் துளைத் தகட்டை ஒட்டி இருக்கின்றன, 1 செ.மீ தள்ளி மாட்டினாலே வித்தியாசம் தெரியும். ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் என்ற சிறிய வகை எஸ்.எம்.பி.எஸ்-ஸின் 40 மி.மீ குட்டி ஃபேன் எழுப்பும் கீச்சுச் சத்தத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான், அதை எடுத்துவிட்டு வெளி அடாப்டருக்கு மாறுவது.

ப்ராசசர் குளிர்ச்சி, டிஸ்க் கொதிக்கிறது

மூன்றரை அங்குல ஹார்டு டிஸ்க் 45க்குள் இருப்பது நல்லது, 50ஐத் தாண்ட விடாதீர்கள். கேசட் வாய்க்கு நேர் பின்னால், காற்று முதலில் படும் இடத்தில் வையுங்கள். போர்டிலேயே செருகும் என்விஎம்இ எஸ்எஸ்டி வேறு கதை, நிறைய ஐடிஎக்ஸ் போர்டுகளில் அதன் இடம் போர்டின் அடிப்பக்கம், காற்றே படாது. அடித்தகடு இரும்பு என்றால் எஸ்எஸ்டிக்கும் தகட்டுக்கும் நடுவே தடித்த தெர்மல் பேட் வைத்தால் பெட்டியே அதன் ஹீட் சிங்க் ஆகிவிடும். பெரிய படத்தை நகலெடுக்கும்போது முதலில் வேகமாகப் போய் அப்புறம் படுத்துவிட்டால் உடனே சூடு என்று முடிவு கட்ட வேண்டாம், எஸ்எஸ்டி 60 டிகிரிக்குள் இருக்கும்போதே அப்படி ஆனால் அதன் எஸ்எல்சி கேஷ் (எழுதுவதை முதலில் வேகமாக வாங்கிக்கொள்ளும் பகுதி) நிரம்பிவிட்டது, அது இயல்பு.

சில மாதம் நன்றாக இருந்தது, இப்போது சூடு

தூசி. சீலிங் ஃபேன் சுழலும் அறையில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் காற்று இழுக்கும் பெட்டி இது. கேசட் வாயில் கொசுவலை நைலான் ஒரு அடுக்கு போடுங்கள், கழற்றிக் கழுவும்படி காந்தப் பட்டையில். இரண்டு அடுக்கு வேண்டாம், காற்று குறைந்துவிடும். பின்னால் திறந்திருக்கும் ஜாக் ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள், சூடான பெட்டிக்குள் கரப்பானும் பல்லியும் விரும்பி வரும், போர்டில் ஷார்ட் ஆனால் போயிற்று. ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதிய பிறகும் பழைய எண் வரவில்லை, சூடும் நொடிகளில் ஏறுகிறது என்றால் பேஸ்ட் காய்ந்துவிட்டது.

எல்லாம் சரியாக இருக்கிறது, கோடையில் மட்டும் முடியவில்லை

அறைக்கும் ப்ராசசருக்கும் உள்ள வித்தியாசம் டிசம்பரிலும் மேயிலும் ஒன்றுதான் என்றால் உங்கள் காற்றோட்டத்தில் குறை இல்லை. இனி உள்ளே உருவாகும் சூட்டைத்தான் குறைக்க வேண்டும். 5600ஜி மாதிரி 65 வாட் ஏஎம்டி சிப்புக்கு பயாஸில் சிடிடிபி (சிப்பின் வாட் வரம்பு) 45 வாட் என்று போடலாம். இன்டெலில் பிஎல்1 (தொடர்ந்து இழுக்கும் வரம்பு), பிஎல்2 (கொஞ்ச நேரத்துக்கு இழுக்கும் வரம்பு) இரண்டையும் 35 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள், பிஎல்2-ஐ மறந்துவிட்டால் ஃபேன் திடீர் திடீரென்று கத்தும். பயாஸில் அந்த வசதியே இல்லாத போர்டு என்றால் விண்டோஸ் பவர் ஆப்ஷனில் ப்ராசசரின் அதிகபட்ச நிலையை 99 சதவீதம் ஆக்குங்கள், டர்போ (ப்ராசசர் தானாக வேகம் கூட்டிக்கொள்வது) நின்றுவிடும். படத்தை கிராஃபிக்ஸ் பகுதிதான் விரிக்கிறது என்பதால் திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது, மெனு திறப்பது மட்டும் ஒரு நொடி தாமதமாகலாம். மாற்றிய பிறகு அதே படத்தை மறுபடி ஒரு மணி நேரம் ஓட்டி, கழித்து வரும் எண்ணை மூடியின் உள்பக்கம் தேதியோடு எழுதி ஒட்டிவிடுங்கள், அடுத்த முறை திறக்கும்போது எதோடு ஒப்பிடுவது என்று தேட வேண்டியிருக்காது.